தீக்குப் பின் கூரை யாருடையது?

நான்கு மாடி பிளாட் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு வீடு தீப்பிடித்தால், மறுநாள் நாளிதழில் ஒரு வீடு எரிந்ததாகச் செய்தி வரும். எரிந்தது ஒரு வீடாக இருக்கலாம். ஆனால் குடியிருக்க முடியாமல் போவது ஒரு வீடு மட்டும் இல்லை. தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கி மெத்தையையும் அலமாரியையும் ஊறவைக்கிறது. மேல்வீட்டுச் சுவரெல்லாம் கரி படிகிறது. பொது மின்கம்பிகள் ஒரே குழாய்வழி மேலே ஏறுவதால், அந்தப் படிக்கட்டைச் சேர்ந்த எல்லா வீடுகளிலும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. தீ வைத்தவர் யார், யாருடைய கவனக்குறைவு என்ற பேச்சு ஓய்வதற்குள், எல்லோரும் ஒன்றாகத்தான் மீள முடியும் என்ற நிலை வந்துவிடுகிறது. மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டங்களை விட்டு வந்து அடுக்குமாடிகளில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பகிர்ந்து வாழும் கட்டடம் தீயிலிருந்து மீளுமா மீளாதா என்பது தீ அணைந்த பிறகு வரும் உதவிகளைப் பொறுத்ததன்று. தீப்பிடிக்கும் முன்பே அந்தக் கட்டடத்தார் ஒன்றாகச் சேர்த்து வைத்த பணத்தையும், காப்புறுதியையும், ஆவணங்களையும் பொறுத்தது.

முதலில் தீ ஒரு கட்டடத்தை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கான்கிரீட் எரியாது, அதனால் சுவரும் தூணும் நிற்பதைப் பார்த்து, சுண்ணாம்பு அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே கான்கிரீட் வலுவிழக்கத் தொடங்குகிறது. பல வகைக் கற்கள் கலந்த கான்கிரீட் அந்த வெப்பத்தில் இளஞ்சிவப்பாக மாறும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பி 600 டிகிரியை நெருங்கும்போது தன் வலுவில் பாதியை இழந்துவிடும். ஒரு சாதாரணப் படுக்கையறைத் தீயே இந்த வெப்பத்தை எட்டக்கூடும். எரிந்த பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் மின்கம்பி உறையிலிருந்தும் வரும் புகையில் அமிலத் தன்மை உண்டு. அது படிந்த இரும்பு பல மாதம் கழித்தும் துருப்பிடிக்கும். ஊறிய சுவரில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் தூண், உத்திரம், தளம் மூன்றையும் சோதித்துச் சொல்லும்வரை யாரும் திரும்பக் குடியேறக் கூடாது. தகுதிபெற்ற வயர்மேன் மின்கம்பிகளைப் பார்த்துச் சான்று தராமல் மீண்டும் மின்சாரம் வருவதும் பாதுகாப்பாகாது. பொறியாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பொதுச் சுவரையும் கூரையையும் சரிசெய்வது யார்? எரிந்த வீட்டுக்காரரா, நிர்வாகமா, எல்லோருமா? முன்கூட்டியே பதில் இல்லாத கட்டடங்களில் வேலை நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

லயத்துக் கூரை

கூரையைச் சரிசெய்வது யார் என்ற கேள்விக்கு நம் மக்களிடம் ஒரு பழைய பதில் இருக்கிறது. அந்தப் பதில் தோட்டத்தில் பிறந்தது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். ரப்பரும் தென்னையும் அதற்கு முன்பே இங்கே வேரூன்றியிருந்தன. ராஜா மூசா, புக்கிட் ஈஜோக், ரிவர்சைட், துவான் மீ என்று இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் மட்டுமே பலருக்குத் தெரிந்திருக்கும் தோட்டங்களில் தமிழர்கள் லயங்களில் வாழ்ந்தார்கள். நீண்ட ஒரே கூரை. அதன் கீழ் பலகைத் தடுப்பால் பிரிக்கப்பட்ட வீடுகள். ஒரு குடும்பத்து அடுப்புப் பொறி கூரைக்கு ஏறினால், தடுப்புக்கு மேலே திறந்து கிடக்கும் இடைவெளி வழியாகக் கடைசி வீடுவரை ஓடும். இலங்கை மலையகத்தின் லயன் அறைகளில் இன்றும் ஒரு அறையில் பற்றிய தீ வரிசை முழுவதையும் பிடித்துக்கொள்வதற்கு அந்தப் பொதுக் கூரைதான் காரணம்.

லயம் எரிந்தால் தொழிலாளி இழந்தது தட்டுமுட்டுச் சாமானும் துணிமணியும் அடையாள அட்டையும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும். கூரை கம்பெனியுடையது. அதைத் திரும்பக் கட்டுவது நிர்வாகத்தின் வேலை. கட்டடத்துக்குக் காப்புறுதி இருந்தால் பணமும் நிர்வாகத்துக்கே. தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டு வசதிகளை முதலாளி தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டமும் வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்த மனிதருக்குக் கூரையைப் பற்றி ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது: மண்டோரிடம் சொல்வது, கிராணியிடம் சொல்வது, முடியாவிட்டால் துரையிடம் போய் நிற்பது. அவர்கள் அப்படிச் செய்தது பொறுப்பில்லாமையால் அன்று. பழுது பார்க்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை.

அந்த ஏற்பாட்டின் விலையை வட சிலாங்கூர் நன்றாக அறியும். பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். அதன் பிறகே 245 குடும்பங்களுக்கு 75 மில்லியன் ரிங்கிட் செலவில் வீடுகள் கட்டும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. தெற்கே, புத்ராஜெயாவுக்காகப் பிராங் புசார் போன்ற தோட்டங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் டெங்கிலில் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டார்கள். அந்தக் கட்டடங்கள் விரிசல் கண்டு, வேறு வீடு கேட்டு அவர்கள் மீண்டும் போராட வேண்டியதாயிற்று. வேறு பல குடும்பங்கள் சத்தமில்லாமல், சேமநிதிப் பணத்தைப் போட்டு, வங்கிக் கடன் வாங்கி, மலிவு விலை பிளாட்டுகளுக்கு மாறின. லயத்திலிருந்து பிளாட்டுக்கு வந்தபோது ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் என்பது மாறவில்லை. கூரையின் உரிமைதான் மாறியது. கம்பெனியின் கூரை எல்லோருடைய கூரையாக ஆனது. அந்த மாற்றத்தின் பொருளை விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியவர்கள் யாரும் விளக்கவில்லை.

சட்டம் கட்டும் கூரை

மலேசியச் சட்டத்தில் அந்தப் பொருள் தெளிவாகவே இருக்கிறது. அடுக்குமாடிகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் 1-இல் தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வீட்டுச் சாவி கொடுத்த பிறகு மேம்பாட்டாளர் முதல் கூட்டத்தைக் கூட்டி, வீட்டுக்காரர்களின் கூட்டு நிர்வாக மன்றத்தை அமைக்க வேண்டும். ஜேஎம்பி என்று நாம் சொல்வது இதைத்தான். ஸ்ட்ராட்டா பட்டாக்கள் வந்த பின் அந்த இடத்தை எம்சி எனப்படும் நிர்வாகக் கழகம் எடுத்துக்கொள்ளும். கட்டடத்தைப் பராமரிப்பதைப் போலவே, தீ போன்ற ஆபத்துகளுக்கு எதிராகக் கட்டடம் முழுவதற்கும் காப்புறுதி எடுப்பதும், சேதம் நேர்ந்து காப்புறுதிப் பணம் வந்தால் அதைக் கட்டடத்தைச் சீரமைக்கவே பயன்படுத்துவதும் அந்த மன்றத்தின் கடமை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் பராமரிப்புக் கட்டணத்தோடு, வழக்கமாக அதில் பத்து விழுக்காட்டு அளவுக்கு ஒரு தொகையை ஒதுக்கு நிதிக்கும் கட்ட வேண்டும். மாதந்தோறும் கேட்கப்படும் அந்தச் சில பத்து ரிங்கிட் படிக்கட்டைக் கூட்டவும் குப்பை அள்ளவும் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் ஒரு பங்கு, என்றோ ஒருநாள் எரியக்கூடிய தங்கள் வீட்டுக்கே போகிறது.

கட்டடக் காப்புறுதி இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு தொகைக்கு என்பதும் முக்கியம். மலிவு விலை வீட்டின் விலை 1980-களில் 25,000 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது; 1998-இல் அந்த உச்சவரம்பு இடத்துக்குத் தக்கபடி 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. அது மக்களால் வாங்க முடிய வேண்டும் என்பதற்காக அரசு வைத்த விலை. அதே வீட்டை இன்று இடித்துத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் பழைய வாங்கிய விலையையே காப்புறுதித் தொகையாக ஆண்டுக்காண்டு புதுப்பித்து வரும் கட்டடங்கள் இருந்தால், அவை பெரிய ஆபத்தில் இருக்கின்றன. குறைவாகக் காப்புறுதி செய்தவருக்கு இழப்பிலும் குறைவாகவே தருவது காப்புறுதித் துறையின் பொதுவான விதி. கணக்காகப் பார்ப்போம். திரும்பக் கட்ட 10 மில்லியன் ரிங்கிட் ஆகக்கூடிய கட்டடத்தை 5 மில்லியனுக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தீயில் 1 மில்லியன் ரிங்கிட் சேதம். 5 மில்லியனுக்குக் காப்புறுதி இருக்கிறதே, 1 மில்லியன் முழுவதும் கிடைக்கும் என்று மக்கள் எதிர்பார்ப்பார்கள். பாதிக்குக் காப்புறுதி செய்ததால், கிடைப்பது பாதி, அதாவது 500,000 ரிங்கிட். மீதியை எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும், அல்லது கரி படிந்த சுவரோடு வாழ வேண்டும். மறுகட்டுமானச் செலவைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பீட்டாளரைக் கொண்டு கணக்கிடுவது பணக்காரக் கொண்டோக்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரமன்று.

ஒன்றாக நிற்பவர்கள் எவ்வளவு பெற முடியும் என்பதற்கு மெல்பர்ன் நகரின் லாக்ரோஸ் கட்டடம் ஒரு நல்ல சான்று. 2014 நவம்பர் 25 அதிகாலையில், எட்டாவது மாடி முகப்பில் ஒருவர் சரியாக அணைக்காமல் விட்ட சிகரெட்டில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் பதித்திருந்த எரியும் தன்மையுள்ள தகடுகளைப் பற்றிக்கொண்டு சில நிமிடங்களில் உச்சி மாடியைத் தொட்டது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள், உயிரிழப்பு இல்லை. சிகரெட் பிடித்தவர் மீது மட்டும் பழி போட்டுவிட்டு ஒவ்வொருவரும் தனித்தனியே அலைந்திருந்தால் அந்த மனிதரிடமிருந்து யாருக்கும் எதுவும் கிடைத்திருக்காது. வீட்டுக்காரர்களின் கழகமும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். கட்டுமான நிறுவனம் 5.7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. அதில் பெரும்பகுதியைத் தீப்பாதுகாப்புப் பொறியாளர், கட்டட ஆய்வாளர், கட்டடக்கலைஞர் ஆகியோர் ஈடுகட்ட வேண்டும் என்றும் தீர்ப்பாயம் சொன்னது. தீயைத் தொடங்கிய பொறி ஒருவருடையது. தீ பரவக் காரணமான சுவர் பலருடைய தவறு. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து நிரூபிக்க ஆய்வறிக்கையும் வழக்கறிஞரும் வருடக்கணக்கில் பொறுமையும் வேண்டும். பதிவுபெற்ற, பணமுள்ள, கணக்கு வைத்துள்ள ஓர் அமைப்புக்குத்தான் இது கைகூடும்.

எழும் மறுப்புகள்

கட்டடம் முழுவதற்கும் கூட்டாகக் காப்புறுதி எடுப்பதற்கு முதலில் எழும் மறுப்பு, வங்கியில் காப்புறுதி எடுத்தாகிவிட்டதே என்பது. வீட்டுக் கடன் வாங்கும்போது பெரும்பாலும் எடுக்கப்படுவது, கடன்காரர் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ மீதிக் கடனை அடைக்கும் காப்புறுதி. வீடு எரிந்தால் அது ஒரு காசும் தராது. சில வங்கிகள் தீக் காப்புறுதியும் கேட்கும். ஆனால் அது அந்த ஒரு வீட்டை மட்டும் பார்க்கும். படிக்கட்டு, பொதுக் கூரை, தண்ணீர்த் தொட்டி, பொது மின்கம்பி ஆகியவை அதில் அடங்கா. கடன் முடிந்ததும் அதைப் புதுப்பிக்க யாரும் நினைவூட்டுவதும் இல்லை. கடனை அடைத்து நிம்மதியாக இருக்கும் ஓய்வு பெற்ற தொழிலாளிதான் பெரும்பாலும் காப்புறுதியே இல்லாமல் இருப்பவர். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கட்டடக் காப்புறுதி உங்கள் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு ஈடு தராது. நீங்கள் சொந்தமாகப் பதித்த தரை ஓடு, சமையலறை அலமாரி, இரும்புக் கதவு ஆகியவை பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கும். இவற்றுக்கு வீட்டுச் சாமான் காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு வறுமை. இது உண்மையான மறுப்பு. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் பராமரிப்புக் கட்டணம் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுவது இயல்பு. ஆனால் தொகையைப் பிரித்துப் பார்த்தால் படம் மாறும். உதாரணத்துக்கு, 200 வீடுகள் உள்ள குடியிருப்புக்குக் கட்டடக் காப்புறுதிக் கட்டணம் ஆண்டுக்கு 12,000 ரிங்கிட் என்று வைத்தால், ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 60, மாதத்துக்கு 5 ரிங்கிட். அந்த 5 ரிங்கிட் இல்லாமல் போகும்போது எரிந்த வீட்டைத் திரும்பக் கட்ட ஒரு குடும்பம் தேடவேண்டிய தொகை பல்லாயிரம் ரிங்கிட். வறுமை இந்தச் சேமிப்பை மேலும் அவசியமாக்குகிறது. வசதியுள்ளவருக்கு வங்கியிலிருந்து வேறு கடன் கிடைக்கும், இவர்களுக்குக் கிடைக்காது. நம் மக்களால் கூட்டாகச் சேமிக்க முடியாது என்ற வாதத்துக்கு வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள் மாதத் தவணையில் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தச் சிறுதொகைகள் சேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கின. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி வாங்கப்பட்டதுதான். தோட்டம் வாங்கும் அளவுக்குக் கூட்டாகச் சேமித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் சொந்தக் கூரைக்கு மாதம் 5 ரிங்கிட் சேமிக்க முடியும். இல்லாதது நம்பிக்கையும் விளக்கமும்.

நம்பிக்கை என்றதும் மூன்றாவது மறுப்பு வந்துவிடுகிறது: கட்டணம் கட்டினால் நிர்வாகக் குழு விழுங்கிவிடும். அப்படி நடந்த கட்டடங்கள் உண்டு. அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டணம் கட்டாமல் இருப்பது மோசடியைத் தடுக்கும் வழி அன்று. கட்டாதவர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையை இழக்கிறார். வாக்குரிமை உள்ள சிலரின் கையில் குழு நிரந்தரமாக நின்றுவிடுகிறது. சட்டம் வேறு கருவிகளைத் தந்திருக்கிறது. கணக்குகளைத் தணிக்கை செய்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். அவற்றைப் பார்க்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஒவ்வோர் ஊராட்சி மன்றத்திலும் கட்டட ஆணையர் இருக்கிறார். கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்திலும் அவரிடம் முறையிடலாம். தகராறு தீராவிட்டால் 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் விசாரிக்கும். வழக்கறிஞர் இல்லாமலே அங்கே போகலாம். பொதுக்கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேட்டால் போதும்: கட்டடக் காப்புறுதிப் பத்திரம் எங்கே, எந்தத் தேதிவரை செல்லும், எவ்வளவு தொகைக்கு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத குழுவை மாற்றுவதற்கு வாக்குச் சீட்டு வேண்டும். அந்த வாக்குச் சீட்டுக்குக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.

நான்காவது மறுப்பு நம் பண்பிலிருந்தே வருவது. தீ என்றால் ஊரே ஓடிவரும். கோயில் நிர்வாகம் சோறு போடும். சட்டமன்ற உறுப்பினர் வருவார். அரசு பணம் தரும். இதெல்லாம் நடக்கும், நடக்கவும் வேண்டும். 2025 ஏப்ரல் 1-இல் சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து வீடுகள் தீக்கிரையானபோது, நோன்புப் பெருநாள் விடுமுறையிலும் தொண்டர்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் இயங்கிய விதம் நாட்டுக்கே பெருமை. மத்திய அரசு உடனடி உதவியாக முழுமையாகச் சேதமுற்ற வீடுகளின் உரிமையாளர்களுக்கு 5,000 ரிங்கிட்டும், பகுதிச் சேதத்துக்கு 2,500 ரிங்கிட்டும் அறிவித்தது. அந்தப் பணம் முதல் வாரத்தின் துணி, உணவு, வாடகை ஆகியவற்றுக்கு உதவும். அதைக் கொண்டு கூரை போட முடியாது. நிவாரணம் வேறு, மறுகட்டுமானம் வேறு. நிவாரணம் கருணையில் வருகிறது, விரைவில் முடிந்துவிடுகிறது. மறுகட்டுமானம் ஒப்பந்தத்தில் வருகிறது, பல மாதம் நீடிக்கிறது. நாடே பார்த்துக்கொண்டிருக்கும் பெருந்தீக்கு உதவிகள் குவியும். பெஸ்தாரி ஜெயாவிலோ புஞ்சாக் ஆலாமிலோ ஒரு பிளாட்டின் ஒரு மாடி எரிந்தால் அத்தனை கண்கள் திரும்பா. ஊர் மறந்த பிறகும் கைவிடாத ஏற்பாடு ஒன்று அந்த மக்களுக்கு வேண்டும்.

காகிதத்தில் சிக்கும் வீடு

பணத்துக்கு அடுத்தபடியாக மீட்சியைத் தடுப்பது பெயர் மாற்றாத ஆவணம். நம் குடும்பங்களில் அப்பா வாங்கிய வீட்டில் அவர் காலமான பிறகும் பிள்ளைகள் பல ஆண்டுகள் குடியிருப்பார்கள். பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அமைதியான நாட்களில் இது யாரையும் தொந்தரவு செய்யாது. தீக்குப் பிறகு காப்புறுதி நிறுவனமும் வங்கியும் நில அலுவலகமும் உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்கும்போது, கையெழுத்துப் போட வேண்டியவர் உயிரோடு இல்லை. ஓர் அண்ணன் சிங்கப்பூரில், ஒரு தங்கை ஜொகூரில், இன்னொருவரோடு பேச்சு இல்லை. சொத்துப் பகிர்வு முடியும்வரை இழப்பீடு காத்திருக்கிறது. கட்டடம் பழுதுபார்க்க முடியாத அளவுக்கு எரிந்து, திரும்பக் கட்டாமல் நிலத்தைப் பிரித்துக்கொள்ள வீட்டுக்காரர்கள் விரும்பினாலும் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டம் ஒருமனதான தீர்மானத்தை எதிர்பார்க்கிறது; எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஒரே ஒரு வாரிசால் நூறு குடும்பங்களின் முடிவு தள்ளிப்போகலாம். ஆகவே பெயர் மாற்றத்தை முடித்துவைப்பது அண்டை வீட்டாருக்கும் நாம் செய்யும் கடமை.

தீ நடந்த பின் செய்ய வேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. எல்லோரும் வெளியேறிய பிறகு, பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறையும் பொறியாளரும் அனுமதிக்கும்வரை உள்ளே போகக் கூடாது. காவல் நிலையத்தில் உடனே புகார் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டை முதல் பள்ளிச் சான்றிதழ் வரை எல்லா மாற்று ஆவணங்களுக்கும் அந்தப் புகார்தான் முதல் படி. தீயணைப்பு மீட்புத் துறையின் அறிக்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது இல்லாமல் காப்புறுதிக் கோரிக்கை நகராது. ஜேஎம்பி கட்டடக் காப்புறுதி நிறுவனத்துக்கும், வீட்டுக்காரர் தம் சொந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். இழப்பு மதிப்பீட்டாளர் பார்த்து முடிப்பதற்கு முன் எரிந்த சாமான்களைக் குப்பையில் எறிவது நாம் அடிக்கடி செய்யும் தவறு. படம் எடுத்து, பட்டியல் போட்டு, அதன் பிறகே அப்புறப்படுத்த வேண்டும். வீட்டுக் கடன் தவணை தீயோடு நிற்பதில்லை என்பதால் வங்கியிடம் உடனே பேசி அவகாசம் கேட்க வேண்டும். மிக முக்கியமாக, ஜேஎம்பி ஒரு வாரத்துக்குள் அவசரக் கூட்டம் நடத்தி, சேதம் என்ன, காப்புறுதி என்ன, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். தகவல் இல்லாத இடத்தில் வதந்தி வளரும். எரிந்த வீட்டுக் குடும்பத்தின் மீது பழி விழும். நாளைக்குச் சேர்ந்து கட்ட வேண்டியவர்கள் இன்றைக்கே பகையாளியாகிவிடுவார்கள்.

இவ்வளவையும் மக்களின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. லயத்து வாழ்க்கையிலிருந்து வந்தவருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, மலாயிலோ ஆங்கிலத்திலோ தடித்த ஒப்பந்தம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு, இனி நீங்களே நிர்வகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது உரிமை வழங்குவது ஆகாது. முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டும் ஒவ்வொரு திட்டத்திலும், சாவி ஒப்படைக்கும் நாளிலேயே அந்தக் கட்டடத்தின் காப்புறுதிப் பத்திரத்தின் நகலும் தமிழில் எளிய விளக்கமும் தரப்பட வேண்டும். கட்டட ஆணையரின் அலுவலகம் ஒவ்வொரு மலிவு விலைக் கட்டடத்தின் காப்புறுதி எப்போது முடிகிறது என்பதைக் கண்காணித்து, புதுப்பிக்காத கட்டடங்களுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். கட்டணமே கட்ட முடியாத குடும்பங்கள் சில எப்போதும் இருக்கும். கூரையும் தண்ணீர்த் தொட்டியும் பழுதுபார்க்க அரசு மானியம் தரும் நாட்டில், அவர்களுடைய காப்புறுதிப் பங்கை ஏற்பதற்கும் ஒரு வழி காண முடியும்; எரிந்த பிறகு செலவிடுவதைவிட அது குறைவாகவே ஆகும். கோயில்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பெயர் மாற்றத்துக்கும் காப்புறுதிக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி ஆலோசனை தந்தால், ஒரு மாவட்டத்தின் நிலையே மாறும்.

லயத்தில் கூரைக்காக யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருந்தது. இன்று நம் பெயரில் பட்டா இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது, கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. மூன்று தலைமுறை உழைத்துப் பெற்ற அந்த உரிமையின் முழுப் பலன், கூரை எரிந்த பிறகும் அது நம்முடையதாகவே இருப்பதில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் எழுதியிருக்கும் தேதியையும் தொகையையும் உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள்.